சிஏ-125 சிவப்பு எழுத்தில் வந்ததா? அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் இதைப் படியுங்கள்

பள்ளியில் பதினோரு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆசிரியை சென்ற தை மாதம் சினைப்பைப் புற்றுநோயில் இறந்துபோனார். வயிறு உப்புசமாக இருக்கிறது என்று ஆறு மாதம் சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தபோது வயிறு முழுவதும் பரவியிருந்தது. அதன் பிறகு எனக்கு அடிவயிறு லேசாகக் கனத்தாலே அன்றைய தூக்கம் போய்விடும். எனக்கு 41 வயது. இரண்டு வருடமாக மாதவிலக்கு நாட்களில் வலியும் அதிகம், உதிரப்போக்கும் அதிகம். இந்தப் பயத்தோடுதான் ஒரு சனிக்கிழமை காலை, வெறும் வயிற்றோடு, ஒரு தனியார் ஆய்வகத்தின் 'பெண்கள் முழு உடல் பரிசோதனை'க்குப் போனேன். கட்டணம் 3,499 ரூபாய். எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகள் என்று துண்டுப் பிரசுரத்தில் போட்டிருந்தார்கள். 'புற்றுநோய்க் குறிகாட்டிகள்' என்ற வரியைப் பார்த்துத்தான் அந்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

அன்று எனக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். பதிவு செய்த பெண் பெயர், வயது, கைப்பேசி எண், சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டார். மாதவிலக்கைப் பற்றிக் கேட்கவில்லை. சிறுநீர் கொடுக்கும்போது நானாகவே சொன்னேன். "பரவாயில்லை மேடம், கொடுங்கள்" என்று குப்பியை வாங்கி வைத்துக்கொண்டார்.

இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது. அறிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்பியிருப்பதாகவும், ஓர் அளவு 'மிகவும் கூடுதலாக' இருப்பதாகவும், தாங்கள் தொடர்பு வைத்திருக்கும் மருத்துவமனையில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் புற்றுநோய் மருத்துவரிடம் எனக்கு நேரம் வாங்கிவிட்டதாகவும் ஓர் இளைஞர் சொன்னார். அவர் மருத்துவர் இல்லை, 'ஒருங்கிணைப்பாளர்'. திறந்து பார்த்தேன். சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ-125 என்ற இரத்தக் குறிகாட்டி: 92. பக்கத்தில் 35-க்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. 92 மட்டும் சிவப்பில், தடித்த எழுத்தில். அந்த இரவும் மறுநாள் ஞாயிறும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. என் கணவர் கடையில் இட்லி வாங்கிவந்து மகளுக்கு ஊட்டினார்.

திங்கட்கிழமை இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே நான்கு நிமிடம் இருந்திருப்போம். மருத்துவர் அறிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சினைப்பையில் ஏதோ இருக்கிறது. காலம் கடத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். மற்ற புற்றுநோய்க் குறிகாட்டிகள் எல்லாம், வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன், முழு உடலுக்கு பெட்-சி.டி. "எல்லாம் கீழ்த்தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்." வெளியே வந்ததும் ஒரு பெண் எங்களைக் கையோடு பணம் கட்டும் இடத்துக்கு அழைத்துப் போனார்.

செலவை அப்படியே எழுதுகிறேன். மருத்துவர் கட்டணம் 1,200. கூடுதல் இரத்தச் சோதனைகள் 6,800. சி.டி. 9,500. பெட்-சி.டி. 22,000. முடிவுகளைக் காட்ட மறுபடி 1,200. முதலில் கட்டிய 3,499-ஐயும் சேர்த்தால் 44,199 ரூபாய். பெட்-சி.டி.க்காக என் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

பெட்-சி.டி. எடுத்த நாளைச் சொல்லியே ஆக வேண்டும். கதிரியக்கம் கலந்த குளுக்கோஸை நரம்பில் ஏற்றி, ஒரு மணி நேரம் தனி அறையில் பேசாமல் படுக்கச் சொன்னார்கள். முடிந்ததும், அன்று முழுவதும் குழந்தைகள் பக்கத்தில் போக வேண்டாம் என்றார்கள். அது சரியான எச்சரிக்கைதான், குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டு வாசலில் "அம்மா" என்று ஓடிவந்த ஏழு வயது மகளை, "கிட்டே வராதே" என்று நான் கையை நீட்டித் தடுத்தேன். அவள் எதற்கென்று புரியாமல் தூண் ஓரமாக நின்றாள். தேவையே இல்லாத ஒரு சோதனைக்காக அது நடந்தது என்று பிற்பாடு தெரிந்தபோது, போன பணத்தைவிட அவள் நின்ற அந்த நிலைதான் என்னை அழ வைத்தது.

அறிக்கையில் 'இடது சினைப்பையில் மிதமான ஈர்ப்பு, நோயாளியின் நிலையோடு தொடர்புபடுத்திப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தது. அதாவது அந்தக் குளுக்கோஸை அந்த இடம் கொஞ்சம் கூடுதலாக இழுத்திருக்கிறது. மருத்துவர் முதல் பாதியை மட்டும் படித்துக் காட்டினார். "கர்ப்பப்பை, இரண்டு சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். வருகிற வியாழக்கிழமை மேசை காலியாக இருக்கிறது." எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று என் கணவர் கேட்டார். "அது உங்கள் இஷ்டம். ஆனால் பிறகு என்னிடம் வந்து அழக் கூடாது." 25,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். இல்லை, கட்டிவிட்டு ஓடி வந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். யோசிப்பதற்கு எங்களிடம் மனமே மிச்சமில்லை.

என்னைக் காப்பாற்றியவர் என் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் தாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறார். நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுக்கப் பள்ளிக்குப் போயிருந்தபோது, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். "டீச்சர், கத்தி வைப்பதற்கு முன்னால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை காட்டுங்கள். செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டரம்மா இருப்பார்கள்" என்றார். காலை ஏழு மணிக்கே போய் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றோம். மின்விசிறி ஓடாத கூடம், நிற்க இடமில்லாத கூட்டம். பன்னிரண்டு மணிக்கு என் முறை வந்தது.

அந்த அம்மையார் என் கோப்பைத் திறக்கவே இல்லை. முதலில் கேட்டது: "கடைசியாக எப்போது குளித்தீர்கள் அம்மா?" மாதவிலக்கைத்தான் கேட்டார். தேதி சொன்னேன். "இரத்தம் கொடுத்தது என்றைக்கு?" அதையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இரண்டாம் நாளில் எடுத்த இரத்தமா இது?"

பதினேழு நாட்கள். ஓர் ஆய்வகம், ஒரு மருத்துவமனை, ஒரு புற்றுநோய் மருத்துவர், இரண்டு ஸ்கேன் அறைகள். ஒருவரும் கேட்காத அந்தக் கேள்வியைக் காசு வாங்காத மருத்துவர்தான் கேட்டார்.

அவர் எனக்கு விளக்கியதையும், பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். சிஏ-125 என்பது இரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். சினைப்பைப் புற்றுநோயில் கூடும் என்பது உண்மை. ஆனால் மாதவிலக்கின்போதும் கூடும். கர்ப்பத்தில் கூடும். நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), அடினோமயோசிஸ் (அதே திசு கர்ப்பப்பைச் சுவருக்குள் வளர்வது), இடுப்புக்குழித் தொற்று, கல்லீரல் சுருக்கம், இருதயச் செயலிழப்பு எல்லாவற்றிலும் கூடும். நம் நாட்டில் சாதாரணமாகக் காணப்படும் வயிற்றுக் காசநோயில் நூற்றுக்கணக்கில் கூட ஏறும். மறுபக்கம், ஆரம்ப நிலைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அளவு சரியாகவே இருக்கும். ஆகவே அறிகுறி எதுவும் இல்லாத பெண்ணுக்கு இதை மட்டும் எடுத்து 'இருக்கிறது' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது. நோய் உறுதியானவர்களுக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்க்க இது நல்ல சோதனை. அந்த இடத்தில் இதன் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் அதற்கு வேலை இல்லை.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 55 முதல் 74 வயது வரையுள்ள 78,216 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. அதில் ஒரு பாதிப் பேருக்கு ஆண்டுதோறும் சிஏ-125-உம் ஸ்கேனும் எடுத்தார்கள். அதனால் இறப்பு குறையவில்லை. புற்றுநோய் இல்லாமலேயே சந்தேகப் பட்டியலில் விழுந்தவர்கள் 3,285 பேர். அவர்களில் 1,080 பேருக்கு அறுவை நடந்தது. அந்த 1,080 பேரில் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு ஏற்பட்டது. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வும் 2021-இல் அதே முடிவைத்தான் சொன்னது: உயிர் காக்கவில்லை. அந்த 1,080 என்ற எண்ணைப் படித்த இரவு எனக்கு உடம்பு நடுங்கியது. வியாழக்கிழமை மேசையில் படுத்திருந்தால் நானும் அப்படி ஒருத்திதான்.

டாக்டரம்மா ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். சினைப்பைக் கட்டி புற்றுநோயாக இருக்கக்கூடுமா என்று எடைபோட 1990-இல் பிரிட்டனில் உருவான கணக்கு அது. ஸ்கேனில் ஐந்து விஷயங்களைத் தேடுவார்கள்: பல அறைகளாகப் பிரிந்த கட்டி, கட்டிக்குள் கெட்டியான பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடத்தில் பரவல். ஒன்றும் இல்லாவிட்டால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டும் அதற்கு மேலும் இருந்தால் 3. மாதவிலக்கு நின்றவருக்கு 3, நிற்காதவருக்கு 1. இவை இரண்டையும் சிஏ-125 அளவோடு பெருக்க வேண்டும். 200-ஐத் தாண்டினால் புற்றுநோய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். எனக்கு முதலில் எடுத்திருக்க வேண்டியது பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதை அன்றே அங்கேயே எடுத்தார்கள். இடது சினைப்பையில் மூன்று சென்டிமீட்டர் 'சாக்லேட் கட்டி' (எண்டோமெட்ரியோசிஸால் பழைய இரத்தம் தேங்கிய கட்டி), ஒரே அறை, கெட்டியான பகுதி இல்லை. கர்ப்பப்பைச் சுவர் தடித்திருந்தது, அடினோமயோசிஸ். என் கணக்கு: 92 பெருக்கல் 1 பெருக்கல் 0.

"சைபர் வந்துவிட்டது என்று மறந்துவிடவும் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்போம்" என்றார். மாதவிலக்கு முடிந்து பத்து நாள் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். 38. பெட்-சி.டி.யில் தெரிந்த 'ஈர்ப்பு' பற்றிக் கேட்டேன். மாதவிலக்கு நிற்காத பெண்களின் சினைப்பையில் அது இயல்பாகவே தெரியக்கூடும் என்றும், அதனாலேயே இப்படி முதல் கட்டத்தில் அந்தச் சோதனையை எழுதுவதில்லை என்றும் சொன்னார். இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. கர்ப்பப்பை என்னோடுதான் இருக்கிறது.

மருத்துவமனைக்குப் போய் அறுவை வேண்டாம் என்றோம். முன்பணம் திரும்ப வராது என்றார்கள். ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் தர மறுத்தார்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை நெறிமுறைகளில், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நோயாளியை அனுப்பி வைப்பதற்குத் தரகுப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது என்று அதே நெறிமுறைகளில் இருக்கிறது. முதல் விதியைக் குறிப்பிட்டு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். மூன்றாம் நாள் குறுந்தகடு வந்தது. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு 20,000 ரூபாய் வந்தது. 5,000-ஐக் 'கோப்புக் கட்டணம்' என்று பிடித்துக்கொண்டார்கள். ஆக என் கையை விட்டுப் போனது 49,199.

இதைப் படித்துவிட்டு யாரும் வயிற்று உப்புசத்தை அலட்சியம் செய்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். புதிதாக வந்த உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது, இவை வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு என்றால் அன்றே போங்கள். என் தோழி போகாமல் இருந்துதான் போய்ச் சேர்ந்தார். ஆனால் போவது மருத்துவரிடமாக இருக்கட்டும், ஆய்வகத் தொகுப்பிடம் வேண்டாம். உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தேதி கேட்டு, அதன் பிறகு எந்தச் சோதனை என்று எழுதுகிறவரிடம் போங்கள். அறிக்கையை அனுப்பிய ஆய்வகமே மருத்துவர் நேரமும் வாங்கித் தந்தால் அந்த நேரத்தை ரத்து செய்யுங்கள். நாற்பது வயதுக்காரியின் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், ஒரே நாளில் மாதவிலக்கு நின்ற உடம்பாகிவிடும். எலும்பும் இருதயமும் அதன் விலையைக் கொடுக்கும். இதை எனக்கு அறுவைக்குத் தேதி கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றங்கள் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் உத்தரவே வந்திருக்கிறது. அந்த வழக்கில் பேசப்பட்டவை பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான். நம் ஊரில் நடக்காது என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை என் கணவர் எழுதிக்கொண்டிருக்கிறார். கட்டணம் கொடுத்துப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சட்டப்படி சேவைதான் என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இதே போல உங்களுக்கு நடந்திருந்தால் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் இரத்தச் சோதனை ரசீதில் தேதியும் நேரமும் இருக்கும். என் ரசீதில் சனிக்கிழமை காலை 7.40 என்று இருக்கிறது. அந்த மாத நாட்காட்டியில் வெள்ளிக்கிழமையைச் சுற்றி நான் சிவப்புப் பேனாவால் போட்ட வட்டமும் இருக்கிறது. இரண்டையும் மனுவோடு இணைக்கிறோம்.