டயட் சார்ட் ஐந்து இடத்தில் கிடைக்கிறது: எடை குறைக்க யாரிடம் போவது?

எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று கிளம்புகிறவருக்கு இன்று ஐந்து வாசல்கள் திறந்திருக்கின்றன: டயட்டீஷியன், ஜிம் டிரெய்னர், மொபைல் செயலி, மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கச் சொல்லும் பேலியோ அல்லது கீட்டோ குழு, காலையில் ஷேக் கலக்கிக் கொடுக்கும் கிளப். எந்த வாசலில் நுழைந்தாலும் கையில் ஒரு சார்ட் வந்துவிடும். சார்ட்டுகளை அடுக்கி வைத்து ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. ஒரே உடம்பை ஐந்து பேரிடமும் அனுப்பிப் பார்க்கவேண்டும்.

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். பெண், வயது 42, உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. நான்கு பேர் உள்ள வீட்டுக்குச் சமையலும் அவர்தான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 29.6. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல்பருமன். இடுப்புச் சுற்றளவில் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை.

டயட்டீஷியன்

முதலில் கணக்கு. மிஃப்ளின் சூத்திரப்படி எடையைப் பத்தாலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கையும், பெண் என்பதால் 161-ஐயும் கழித்தால் வருவது ஏறக்குறைய 1,356 கலோரி. படுத்தே கிடந்தாலும் இந்த உடம்புக்கு ஒரு நாளில் செலவாவது இவ்வளவு. நடமாட்டத்துக்காக 1.2 முதல் 1.4 வரை பெருக்கினால் 1,630 முதல் 1,900. நடுவில் 1,750 என்று வைத்துத் தொடங்கி, அதில் 400 கலோரி குறைக்கலாம். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பதால், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சொச்சம் இறங்கவேண்டும். முதல் இலக்கு உடல் எடையில் 5 முதல் 7 சதவீதம். இவருக்கு அது நாலு, ஐந்து கிலோதான். கேட்பவருக்குச் சப்பென்று இருக்கும். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஈரல் மூன்றிலும் மாற்றம் தெரியத் தொடங்குவது இந்த அளவில்தான்.

இந்தக் கணக்கை எந்தச் செயலியும் அரை நொடியில் போட்டுவிடும். அதற்குப் பிறகு கேட்கிற கேள்விகளில்தான் ஆள் யாரென்று தெரியும். நல்ல டயட்டீஷியன் 'என்ன சாப்பிடுவீர்கள்' என்று மட்டும் கேட்டு நிறுத்தமாட்டார். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், ஒரு வேளைக்கு எத்தனை ஆழாக்கு அரிசி போடுகிறீர்கள், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதை யார் சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் கேட்பார். நான்கு பேருக்கு மாதம் 5 லிட்டர் என்றால் தலைக்கு ஒன்றே கால் லிட்டர். அதை 3 லிட்டராக்கினால் தலைக்கு அரை லிட்டர் குறைகிறது. அந்த அரை லிட்டர் சுமார் 4,100 கலோரி. ஒரு நாளுக்கு 135. இதற்காக ஒரு கரண்டியைக்கூட அளக்கத் தேவையில்லை, மளிகைச் சீட்டில் எழுதும்போதே முடிந்துவிடும் வேலை.

மீதியும் இப்படித்தான். டீயில் நாளுக்கு ஆறு தேக்கரண்டி போகும் சர்க்கரையை இரண்டாக்கினால் 80 கலோரி குறையும். மதியச் சோற்றை 350 கிராமிலிருந்து 200 கிராமுக்கு இறக்கினால் 195. சாயங்காலம் ஒரு கை மிக்சருக்குப் பதில் அரைக் கிண்ணத்துக்கும் குறைவாகச் சுண்டல் என்றால் 75. மொத்தம் 485. இதில் ஒரு முட்டையைச் சேர்த்தால் 75 திரும்பி வரும். நிகரக் குறைப்பு 410. இட்லி போகவில்லை, தோசையும் போகவில்லை. பிராக்கோலி வீட்டு வாசற்படி ஏறவே இல்லை.

முட்டையைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையும். அதைத் தடுக்க, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராம் அளவிலாவது புரதம் வேண்டும். நம் வீட்டுச் சாம்பாரில் ஒரு ஆளுக்கு விழும் பருப்பு பெரும்பாலும் 20 கிராமைத் தாண்டாது. அதில் புரதம் நாலு கிராம் சொச்சம். சமைக்காத எடையில் 30 கிராம் பருப்பு அல்லது கொண்டைக்கடலை ஆறு கிராம், ஒரு முட்டை ஆறு கிராம், 200 மில்லி தயிர் ஆறு முதல் ஏழு கிராம், 100 கிராம் மத்தி மீன் கிட்டத்தட்ட 20 கிராம். சைவர்களுக்கு 50 கிராம் சோயா உருண்டையில் 25 கிராம். அளவு சந்தேகம் வந்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட தட்டுக் கணக்கு ஒரு நல்ல அளவுகோல்: 2,000 கலோரிக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85, காய்கறி 400, பழம் 100, கொட்டை வகை 35, எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. நம் வீடுகளில் தானியம் இதற்கு மேல் போகிறது, காய்கறி இதில் பாதியைத் தொடுவதில்லை.

இனி மாத்திரை. கிளிமிபிரைடு, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். சோற்றைக் குறைத்துவிட்டு மாத்திரையை அப்படியே விழுங்கினால் 11 மணி வாக்கில் வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை தாழ்ந்துவிடலாம். அப்போது சர்க்கரைத் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். அது பசியைக் கிளப்பும். குறைத்த கலோரி முழுவதும் வந்த வழியே திரும்பும். ஆகவே சார்ட் தொடங்குவதற்கு முன்பே மருந்து எழுதும் மருத்துவரிடம் அளவைப் பேசிவிடவேண்டும். மற்ற நான்கு வாசல்களில் இந்தக் கேள்வி எழுவது அபூர்வம்.

இவ்வளவும் நல்ல டயட்டீஷியனைப் பற்றி. ஐந்து நிமிடத்தில் ஜெராக்ஸ் தாளைக் கையில் திணிப்பவர்களும் இருக்கிறார்கள். பெயரையும் கலோரியையும் மட்டும் பேனாவால் நிரப்பி, 'காலை ஓட்ஸ், 11 மணிக்கு மோர், இரவு 2 சப்பாத்தி' என்று அச்சடித்த தாள். இரவில் இட்லிமாவு இருக்கும் வீட்டில், ஒருவருக்காக மட்டும் சப்பாத்தி மாவு பிசைவது பத்து நாள் நடக்கும், பதினோராம் நாள் நிற்கும். அடுத்த வருகைக்குத் தேதி எழுதாத சார்ட்டையும், தன் மேசையிலேயே பவுடர் டப்பா விற்பவரையும் தவிர்த்துவிடலாம். படிப்பையும் கேளுங்கள். ஊட்டச்சத்து மற்றும் உணவியலில் பட்டமும், மருத்துவமனைப் பயிற்சியும், இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுத் தேர்வும் முடித்தவர் 'ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்'. வெறும் 'நியூட்ரிஷன் கோச்' என்ற பலகையை வார இறுதி ஆன்லைன் வகுப்பு முடித்தவரும் மாட்டலாம்.

ஜிம் டிரெய்னர்

டயட்டீஷியனிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருக்கிறது: வாரத்தில் ஐந்து நாள் உங்களைப் பார்க்கிறார். வராவிட்டால் போன் வரும். எடை தூக்கும் பயிற்சி தசையைக் காக்கும். எந்தச் சார்ட்டும் தனியாக அதைச் செய்யாது. சிக்கல் சாப்பாட்டில் தொடங்குகிறது. ஆறு முட்டை வெள்ளை, 300 கிராம் கோழி நெஞ்சுக்கறி, பிரவுன் ரைஸ், ஒரு ஸ்கூப் வே புரதப் பவுடர் என்பது ஆணழகன் போட்டி மேடை ஏறும் 25 வயது இளைஞருக்கு எழுதப்பட்ட பட்டியல். நம் 42 வயதுக்காரருக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அதைக் கொடுக்கக்கூடாது; ஆண்டுக்கணக்கில் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்த பிறகே புரத அளவு முடிவாகவேண்டும். பயிற்சியை இவரிடம் வாங்கிக்கொண்டு, சாப்பாட்டை வேறிடத்தில் கேட்பதே சரியான பங்கீடு.

செயலி

மலிவு, பொறுமைசாலி, திட்டாது. ஒரு வாரம் எழுதினாலே மிக்சர் டப்பா எத்தனை முறை திறக்கிறது என்று தெரிந்துவிடும். பிழைகளும் அங்கேதான் பிறக்கின்றன. பெரியது, அரிசி: சமைக்காத 100 கிராம் 350 கலோரி, அதுவே சோறாக 100 கிராம் 130 கலோரி. பட்டியலில் தவறான வரியைத் தொட்டால் கணக்கு இரண்டரை மடங்கு புரளும். அடுத்தது இட்லி, கடைக்குக் கடை 30 கிராமிலிருந்து 60 கிராம் வரை போகும், செயலிக்கு எல்லாம் 'ஒரு இட்லி'. மூன்றாவது, நடந்ததற்குப் பரிசாக '250 கலோரி மிச்சம்' என்று காட்டுவது. அந்த எண்ணை நம்பிச் சாப்பிட்டால் அன்றைய குறைப்பு காலி.

எழுதுபவரின் கையும் சும்மா இருக்காது. 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தாங்கள் சாப்பிட்டதை எழுதிவைத்தவர்களின் கணக்கை உடல் உண்மையில் செலவழித்த கலோரியோடு ஒப்பிட்டது. சாதாரணப் பெண்கள் நாளுக்கு 430 கலோரி அளவில் குறைத்து எழுதியிருந்தார்கள். டயட்டீஷியன்களும் 220 அளவில் குறைத்திருந்தார்கள்! நாம் ஒரு நாளில் குறைப்பதே 400 கலோரிதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். செயலியைப் பத்து நாள், அதில் ஒரு ஞாயிறும் ஒரு விசேஷ வீடும் வரும்படி எழுதி, அந்தப் பதிவை டயட்டீஷியனிடம் எடுத்துப் போவது அதன் மிகச் சிறந்த பயன்.

பேலியோ, கீட்டோ, 16 மணி நேர விரதம்

காலை 100 பாதாம், மதியம் காய்கறியோடு பனீர் அல்லது கறி, இரவு நாலு முட்டை. முதல் வாரம் இரண்டு மூன்று கிலோ இறங்கும். குழுவில் வாழ்த்து குவியும். இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும் வடிவமான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து வெளியேறும். பொங்கலன்று ஒரு தட்டுச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டால் அந்தத் தண்ணீர் மறுநாளே திரும்பும், ஆளும் மனமுடைந்து விட்டுவிடுவார். இன்னொன்று: 100 பாதாம் என்பது ஏறக்குறைய 700 கலோரி.

முறை வேலை செய்யாது என்று சொல்லவில்லை, செய்கிறது. மற்ற முறைகளைவிடக் கூடுதலாகச் செய்வதில்லை, அவ்வளவே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரைக் கொண்டு நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் ஓராண்டில் சராசரி 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டு அணிக்குள்ளும் 30 கிலோ குறைந்தவரும் இருந்தார், 10 கிலோ கூடியவரும் இருந்தார். சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஓராண்டு ஆய்வில், கலோரியைக் குறைத்தவர்களையும், அதே குறைப்போடு 16 மணி நேரம் விரதமிருந்து எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். அதிலும் இதே கதை.

நம் உதாரணப் பெண்ணுக்குக் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கும் விரதம் கிளிமிபிரைடோடு சேர்ந்தால் என்னாகும் என்று மேலே பார்த்தோம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் கீட்டோ தொடங்குவது இன்னும் ஆபத்து. ரத்தச் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் அவசர சிகிச்சைக்கு ஓடவேண்டும்.

ஷேக் கிளப்

காலை இட்லி, சட்னி, டீ என்ற 500 கலோரியின் இடத்தில் 200 கலோரி பவுடர் வருகிறது, குறைகிறது. பவுடரில் மாயம் ஏதுமில்லை. வேடிக்கை என்னவென்றால், உணவுக்குப் பதில் பவுடர் என்ற வழிக்கு வலுவான மருத்துவச் சான்றே இருக்கிறது. பிரிட்டனில் 2018-ல் வெளியான டைரக்ட் ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்கு நாளுக்கு 850 கலோரி அளவில் சூப்பும் ஷேக்கும் மட்டும் கொடுத்து, ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆனால் அங்கே முதல் நாளே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தினார்கள்; பயிற்சி பெற்ற செவிலியரோ டயட்டீஷியனோ தொடர்ந்து பார்த்தார்கள்; சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்புவதற்கே தனிக் கட்டம் வைத்தார்கள். நம் கிளப்பில் உங்களைப் பார்த்துக்கொள்பவர், அடுத்த டப்பா விற்றால் கமிஷன் பெறுபவர். இதே 850 கலோரியை யாரும் பார்க்காமல் செய்தால், வேகமாக இறங்கும் எடை பித்தப்பைக் கல்லில் கொண்டுபோய் விடலாம்.

அப்படியானால் யாருக்கு எது?

25 வயது, மாத்திரை எதுவும் இல்லை, ஐந்து கிலோ குறையவேண்டும் என்பவருக்குச் செயலியும் டிரெய்னரும் போதும். டயட்டீஷியனுக்குச் செலவழிக்கவேண்டிய கட்டாயமில்லை. சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கர்ப்பம், பாலூட்டல், கடந்த காலத்தில் பட்டினி கிடந்து எடையைக் குறைத்த பழக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் முதல் வாசல் டயட்டீஷியன்தான்.

பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால், பெரிய 'பேக்கேஜ்' வாங்காமல் நான்கு சந்திப்புகளாகப் பிரியுங்கள்: இன்று, இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பன்னிரண்டாம் வாரம். காசு போடவேண்டியது முதல் சந்திப்புக்கு அல்ல, ஆறாம் வாரத்துக்கு. சார்ட் எங்கே உடைந்தது என்பது அதற்குள் தெரிந்திருக்கும். உடைந்த இடத்தை ஒட்டி மாற்றி எழுதுவதற்குத்தான் படித்த ஆள் வேண்டும்.

முதல் சந்திப்புக்கு எடுத்துப் போகவேண்டியவை: மாத்திரை அட்டைகள் அப்படியே, மூன்று மாதத்துக்குள் எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), டிஎஸ்ஹெச் (தைராய்டு), கிரியாட்டினின், கொழுப்பு, ஹீமோகுளோபின் அறிக்கைகள், பத்து நாள் சாப்பாட்டுக் குறிப்பு, மாத மளிகைச் சீட்டு, வீட்டில் சோறு போடும் கரண்டியின் போட்டோ.

வீட்டில் எடை பார்ப்பது வாரம் இரண்டு நாள், காலைக்கடன் முடித்து, எதுவும் குடிப்பதற்கு முன்பு, அதே மெஷினில். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒன்றிரண்டு கிலோ தண்ணீரால் ஏறும்; அதைப் பார்த்துச் சோற்றைக் குறைக்காதீர்கள். மூன்று வாரம் முள் அசையாவிட்டால் முதலில் எண்ணெய்ச் சீட்டைப் பாருங்கள், அடுத்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை, அடுத்து ருசி பார்ப்பதையும் மிச்சம் தின்பதையும். மூன்றும் சரி என்றால் மட்டும் மதியச் சோற்றில் இன்னும் 50 கிராம் குறையுங்கள். இடுப்பு அளவையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். சென்னையில் 531 பேரைக் கொண்டு நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு எடை குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனாலும் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.