டப்ளினில் படிக்கப் போனால்: வீட்டோடு அறையா, மாணவர் விடுதியா?

டப்ளினில் படிப்புக்கு இடம் கிடைத்த கையோடு வரும் அடுத்த தலைவலி, எங்கே தங்குவது என்பதுதான். ஐரிஷ் குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே ஓர் அறை (அங்கே இதை ‘டிக்ஸ்’ என்பார்கள்), இல்லையென்றால் மாணவர் விடுதி.

வாடகை பெரும்பாலும் டிக்ஸில்தான் குறைவு. வீட்டுக்காரர்களுக்கும் லாபம் உண்டு: ஆண்டுக்கு 14,000 யூரோ வரை வரும் அறை வாடகைக்கு வருமான வரி கிடையாது. ஆனால் விளம்பரத்தைக் கவனமாகப் படியுங்கள். சில வீடுகளில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் இடம். உள்ளூர்ப் பிள்ளைகள் வார இறுதியில் ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள். நாம் எங்கே போவது, மதுரைக்கா?

சமையலறை அடுத்த சிக்கல். எத்தனை மணி வரை அடுப்பைத் தொடலாம், கடுகு தாளிக்கலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். விடுதியில் அந்தக் கூச்சம் இல்லை. கழுவாமல் கிடக்கும் அடுத்தவர் பாத்திரத்தோடுதான் போராட்டம்.

சட்டம் விடுதியில் தங்குபவர் பக்கம் நிற்கிறது. டிக்ஸில் இருப்பவர் பொதுவாகச் சட்டப்படி வாடகைதாரர் அல்ல. வீட்டுக்காரர் கிளம்பச் சொன்னால் வாதாட அதிகம் இடமில்லை. மாணவர் விடுதிகள் 2019 முதல் வாடகைச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. முன்பணமும் ஒரு மாத வாடகையைத் தாண்டக்கூடாது.

என்னைக் கேட்டால், முதல் பருவத்துக்கு ஏழு நாளும் தங்கவிடும் டிக்ஸ். டிசம்பரில் மாலை நாலேகாலுக்கே இருட்டத் தொடங்கிவிடும் ஊரில், வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல் கேட்பது பெரிய விஷயம். அந்த ஐரிஷ் உச்சரிப்பும் காதுக்குப் பழகிவிடும். அப்புறம் விடுதிக்கு மாறிக்கொள்ளலாம்.