அசோகமா, மாவிலங்கமா, கோங்கா: நெல்லை வீட்டுத் தோட்டத்துக்கு எது?

நர்சரியில் 'அசோகா' என்று கேட்டால் பெரும்பாலும் நெட்டிலிங்கத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். ஓரம் நெளிந்த தனித்தனி இலை என்றால் அது நெட்டிலிங்கம். நிஜ அசோகத்தில் ஒரே காம்பில் இலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். தளிர் செம்பு நிறத்தில் குஞ்சம்போலத் துவண்டு தொங்கும். ஆரஞ்சாக விரிந்து சிவப்பாக மாறும் பூங்கொத்து அடிமரத்தில்கூட வெடிக்கும். பட்டைக்காக வெட்டி வெட்டியே காட்டில் அருகிப்போன மரம். வீட்டில் ஒன்று நின்றால் பெரிய காரியம். ஆனால் எல்லா வீட்டிலும் நிற்காது.

அது ஓடைக்கரை மரம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி மாதிரி ஆற்றுப்பாசன ஊர்களில் தயங்காமல் வைக்கலாம். உப்பு போர் தண்ணீர் ஊற்றினால் இலை நுனி கருகி, ஓரம் காய்ந்துகொண்டே வரும். உரம் போட்டுச் சரிசெய்ய முடியாது. சுண்ணாம்பு மண்ணில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகும். 2 அடிக்கு 2 அடி குழி; தோண்டிய மண் 2 பங்கு, மக்கிய தொழுவுரம் 1, ஆற்று மணல் 1. வீட்டுக்குக் கிழக்கே வைத்தால் மாலை வெயில் படாது. அடியில் 4 அங்குலம் சருகு மூடாக்கு எப்போதும் வேண்டும். விதையிலிருந்து வளர்ப்பதானால் நெற்று வெடித்ததும் எடுத்து, ஓர் இரவு ஊறவைத்து, அந்த வாரமே ஊன்றுங்கள். காயவைத்துச் சேமித்த விதை முளைக்காது. பூவுக்குப் பல வருஷம் பொறுக்க வேண்டும்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரே மரத்துக்குத்தான் இடம், போர் தண்ணீர்தான் என்றால் எங்கள் சிபாரிசு மாவிலங்கம். விரல் தடிமனில் ஓரடிப் போத்தை, அதாவது வெட்டிய கிளைத் துண்டை, ஐப்பசி மழையில் நட்டாலே பிடித்துக்கொள்ளும். கோடையில் இலை உதிர்ந்து, வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும். தொல்லை ஒன்றுதான்: வேர் காயம்பட்ட இடத்திலெல்லாம் கன்று கிளம்பும். அடியில் மண்வெட்டி போடாதீர்கள். செப்டிக் டேங்கிலிருந்து 10 அடியாவது தள்ளி வையுங்கள். இலையில் புழு கண்டால் மருந்தடிக்க வேண்டாம், அவை பட்டாம்பூச்சிக் குஞ்சுகள்.

மஞ்சள் கோங்கு வறண்ட பாறைச் சரிவின் மரம். ராதாபுரம், வள்ளியூர் செம்மண்ணுக்குப் பொருந்தும். மாசி, பங்குனியில் இலையே இல்லாமல் உள்ளங்கை அகல மஞ்சள் பூ. விதைமேல் பஞ்சை நீக்கி, உப்புத்தாளில் ஓடு லேசாகத் தேயும்வரை உரசி, இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். கெட்டி ஓட்டுக்குள் தண்ணீர் போகாவிட்டால் முளைப்பு இல்லை. இலை உதிர்ந்தபின் தண்ணீரைக் குறையுங்கள். காய்கிறதே என்று பரிதாபப்பட்டு ஊற்றுவதால்தான் பெரும்பாலும் வேர் அழுகுகிறது. கரிசலில் வைக்கவே வேண்டாம்.

பணகுடிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்று கோங்கின் மெல்லிய கிளையை முறித்துவிடும். அங்கே சுவர் மறைவில் நட்டு, இரண்டு பக்கமும் கம்பு ஊன்றி, சணல் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு பருக்கப் பருக்கக் கயிற்றை அவிழ்த்துக் கட்ட வேண்டும்.