என்ஒய்-இஎஸ்ஓ-1 ஆன்டிபாடி, ஈ978 குளோன்: டர்பன் ஆய்வகங்களுக்கு வாங்கலாமா?

புற்றுக்கட்டியில் என்ஒய்-இஎஸ்ஓ-1 (சில புற்றுகளிலும் விந்தகத்திலும் காணப்படும் ஒரு புரதம்) தேட ஒரே ஒரு ஆன்டிபாடிக்குத்தான் (அந்தப் புரதத்தில் ஒட்டும் எதிர்ப்பொருள்) காசு இருக்கிறது என்றால் ஈ978 என்ற குளோனையே எடுக்கலாம். எலி மோனோகுளோனல் (ஒரே செல்வழியில் உருவானது), ஐஜிஜி1 வகை. பாரஃபின் பிளாக்கில் (மெழுகில் பதித்த திசு) நன்றாக வேலை செய்யும். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை) 18 கிலோடால்டன் பக்கத்தில் பட்டை தெரியவேண்டும்; இந்தப் புரதம் உள்ள எஸ்கே-மெல்-37 என்ற மெலனோமா செல்லின் சாறு கையோடு இருந்தால் சந்தேகம் தீரும்.

திசுவில் சாயமேற்ற: 4 மைக்ரான் செக்ஷன், காரமான ஈடிடிஏ பஃபரில் 20 நிமிடச் சூடு, ஆன்டிபாடியை 1:100-ல் நீர்த்து ஒரு மணி நேரம், பிறகு அதைக் கண்டறியும் பாலிமர், பழுப்பு நிறம் தரும் டிஏபி. இது தொடக்கம்தான், 1:50, 1:200 இரண்டையும் போட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள். சைட்டோபிளாசம், நியூக்ளியஸ் இரண்டிலும் சாயம் ஏறும். நசிந்த பகுதியின் ஓரத்தில் தெரியும் பழுப்பை எண்ணவேண்டாம்.

பலர் சறுக்குவது கண்ட்ரோலில், அதாவது சாயம் சரியாக ஏறுகிறதா என்று ஒப்பிட வைக்கும் திசுவில். விந்தகம் எடுத்தால் விந்தணுவாக வளரும் இனச்செல்களான ஸ்பெர்மட்டோகோனியாவும் முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட்டும் சாயமேறி, துணைச்செல்களான செர்டோலி, லெய்டிக் செல்கள் வெறுமையாக இருக்கவேண்டும். புரோஸ்டேட் புற்றுக்கு ஹார்மோன் சிகிச்சை எடுத்தவரின் விந்தகத்தில் இனச்செல்களே அருகிப்போயிருக்கும். அதைக் கண்ட்ரோலாக வைத்துவிட்டு ஆன்டிபாடி கெட்டது என்று குப்பியைத் தூக்கிப் போடுவது வீண்.

சைனோவியல் சார்கோமா, மிக்சாய்டு லைப்போசார்கோமா என்ற இரண்டு மென்திசுப் புற்றுகளுக்கும் மனம் நிறைந்து சிபாரிசு செய்யலாம். பெரும்பாலும் பரவலாகவே தெரியும். உணவுக்குழாய்ப் புற்றில் அப்படியில்லை. 1997-இல் இந்தப் புரதம் முதலில் பிடிபட்டதே உணவுக்குழாய்க் கட்டி ஒன்றிலிருந்துதான், நம் பக்கத்து ஈஸ்டர்ன் கேப் மாகாணத்திலோ அந்த நோய் அதிகம். ஆனாலும் சாயம் திட்டுத்திட்டாகத்தான் வரும். எண்டோஸ்கோப்பித் துணுக்கு ஒன்று நெகட்டிவ் என்றால் கட்டி முழுவதும் நெகட்டிவ் என்று எழுதிவிடக்கூடாது. மெலனோமாவில் (நிறமிச்செல் புற்று) டிஏபியின் பழுப்பும் மெலனின் நிறமியின் பழுப்பும் குழம்பும், டிஏபிக்குப் பதில் சிவப்புக் குரோமோஜன் (நிறம் தரும் பொருள்) போடுங்கள். மனிதக் கட்டியை எலியில் வளர்த்த மாதிரியில் எலி ஆன்டிபாடியால் பின்னணி எழும். அதைத் தடுக்கும் பிளாக்கிங் தனியாகச் செய்யவேண்டும்.

மின்வெட்டில் உறைந்து உருகிக்கொண்டேயிருக்கும் குப்பி சீக்கிரம் வலுவிழக்கும். தயாரிப்பாளர் 4 டிகிரி என்று சொன்னால் அப்படியே வையுங்கள், உறைய விடாதீர்கள். மைனஸ் 20 என்றால் 10, 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து வையுங்கள், தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரைத் தவிருங்கள்.

விலை வெளிநாட்டு நாணயத்தில், மேலே கூரியர், 15 சதவீத வாட். அவ்வளவு கொடுத்து வாங்குமுன் அதே லாட் (தயாரிப்புத் தொகுதி) ஆன்டிபாடியால் சாயமேற்றிய விந்தகப் படத்தைக் கேளுங்கள். ரீகாம்பினன்ட் (மரபணு மூலம் செயற்கையாகத் தயாரித்த) புரதத்தின் பிளாட்டை மட்டும் காட்டுகிறவரிடம் வாங்கவேண்டாம்.