பேரை வைத்துத் தேடாதீர்கள், நம்பரை வைத்துத் தேடுங்கள்

பல்கலைக்கழகத்தின் பேர் வேண்டாம், நெல்லைப் பக்கம்தான். சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. நூலகத்தில் முதல் வாரம் நான் சுற்றிய சுற்று புதிதாக வருகிறவர்களுக்கு வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

களக்காட்டில் எங்கள் கிளை நூலகத்தில் பேரைச் சொன்னால் போதும், எடுத்துத் தந்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் நேராக ரேக்குக்குள் புகுந்துவிட்டேன். தேடியது கால்டுவெல். இடையன்குடியில் இருந்தவர், நம்ம பக்கத்து ஆள், கண்ணில் படாமலா போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. ஒப்பிலக்கணம் சீக்கிரமே கிடைத்தது, சரி, அவர் எழுதிய திருநெல்வேலி வரலாறும் பக்கத்தில்தான் இருக்கும் என்று முக்கால் மணி நேரம் அதே ரேக்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன். புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி பார்த்துவிட்டு, "என்னல தம்பி, ஆள் பேர வச்சா தேடுத? நம்பர வச்சுல்லா தேடணும்" என்றார்.

இங்கே இருப்பது ட்யூயி தசம முறை, புத்தகத்துக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்குவது, 1876இல் வந்தது. எழுதியவர் யார் என்பது அதற்கு அப்புறம்தான், எதைப் பற்றிய புத்தகம் என்பதே முதலில். 1856இல் வந்த ஒப்பிலக்கணம் திராவிட மொழிகளைப் பற்றியது, அதனால் 494.8. 1881இல் வந்த திருநெல்வேலி வரலாறு 954.82, தமிழ்நாட்டு வரலாற்றோடு, கட்டடத்தின் அந்தக் கோடியில். தமிழ் எடுத்தவர்களுக்கு நடை இன்னும் அதிகம். நன்னூல் 494.811 பக்கம், புறநானூறு 894.811 பக்கம். நடுவில் சரியாக நானூறு எண், பேருக்குப் பொருத்தம்தான். நம்ம சீர்காழி ரங்கநாதன் 1933இலேயே புத்தகம் அடுக்கக் கோலன் முறை என்று தனியாக ஒன்று செய்து வைத்தார், இருந்தும் நான் மாட்டிக்கொண்டது ட்யூயியிடம்.

ஆகவே முதலில் வாசல் பக்கம் இருக்கிற ஓபேக் கணினி, அதாவது நூலகப் புத்தகப் பட்டியலைத் தேடிப் பார்க்கிற கணினி. இரண்டுதான் இருக்கிறது, ஒன்று பெரும்பாலும் தூங்கும். தமிழ்ப் புத்தகத்தைச் சிலர் தமிழில் ஏற்றியிருக்கிறார்கள், சிலர் ஆங்கில எழுத்தில், இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள். அதில் வருகிற கால் நம்பரை (call number, புத்தகம் இருக்கும் இடத்தைச் சொல்லும் எண்) முழுசாகப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வெறும் 894.811 என்று கையில் எழுதிக்கொண்டு போனேன், அது மொத்தத் தமிழ் இலக்கியம்! அதற்குப் பின்னால் 1 வந்தால் கவிதை, 2 நாடகம், 3 கதை, நாவல்.

எடுத்த புத்தகத்தை நீங்களே திரும்பச் செருகாதீர்கள், மேசையில் வைத்துவிடுங்கள். இடம் மாறினால் ஓபேக்கில் இருக்கும், ரேக்கில் இருக்காது.

ஆய்வேடு பார்க்க மட்டும் என்றால் பஸ் ஏறி வரவே வேண்டாம், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இருக்கிற ஷோத்கங்கா இணையதளத்தில் வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம்.

குறை என்றால் பிளக் பாயிண்ட் போதாது. ஜன்னலோரம் நல்ல வெளிச்சம், ஆனால் ஆடிக் காற்றில் ஜெராக்ஸ் தாளை எல்லாம் ஓடி ஓடிப் பொறுக்கினேன்.

அஞ்சுக்கு நாலு தருவேன். அந்தத் திருநெல்வேலி வரலாறு ரெஃபரன்ஸ் பிரதி, வெளியே தரமாட்டார்கள். மதியம் அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறேன், இப்போதுதான் பாளையக்காரர் பகுதிக்கு வந்திருக்கிறேன்.