பழைய தாரில் பின் லாக்கர் உண்டா? பில், பள்ளம், ஜாக்கி: எதை நம்பலாம்

பழைய மஹிந்திரா தார் ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) விற்பவர் "லாக்கர் இருக்கு" என்றால், அதாவது ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதும் சேர்ந்து இழுக்கும்படி இரண்டையும் பூட்டும் ஏற்பாடு இருக்கிறது என்றால், எந்த லாக்கர் என்று உடனே கேளுங்கள். ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக்கர், எம்எல்டி, பின் ஆக்சிலுக்குள் இருப்பது. பிஎல்டி என்பது வெட்டியாகச் சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தும் எலெக்ட்ரானிக் ஏற்பாடு. சேற்றில் இரண்டும் ஒன்றாகாது.

பில்லைப் பார்ப்பது எளிது, ஆனால் அரைகுறை. 2020இல் வந்த தாரின் எல்எக்ஸ் வேரியண்டில் எம்எல்டி வந்தது. 2023இலிருந்து பிஎல்டி பொதுவாகி, எம்எல்டி டீசல் எல்எக்ஸ் ஃபோர் பை ஃபோரில் கூடுதல் தேர்வானது. அதனால் 'எல்எக்ஸ்' என்ற பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். முதல் விற்பனை பில்லைக் கேளுங்கள், சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரிலும் விசாரியுங்கள். இவையும் வண்டி புதிதில் எப்படி இருந்தது என்பதையே சொல்லும். லாக்கர் இன்று வேலை செய்கிறதா என்பது தெரியாது.

ஒரு பின் சக்கரம் தூக்கி நிற்கும்படி பள்ளத்தில் இறக்கிப் பார்ப்பது பலர் நம்பும் வழி. இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பிஎல்டி இருந்தாலும் வண்டி ஏறிவிடும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: ஏபிஎஸ் பம்ப் கரகரவென்று ஓடினால் பிஎல்டி. சக்கரம் ஒரு கணம் சுழன்று, 'டக்' என்று அடித்து இரண்டும் சேர்ந்து பிடித்தால் எம்எல்டி. ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதிக்காதீர்கள். வேகமாகச் சுழலும்போது லாக் விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் ஆக்சில் ஷாஃப்டுக்குப் போகும்.

எங்கள் தேர்வு ஜாக்கிதான். சமதரையில் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின் ஆக்சிலை இரண்டு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைக்கக் கூடாது. இன்ஜின் ஆஃப், டூ ஹை (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை), முதல் கியர் (ஆட்டோமேட்டிக் என்றால் பி, அதாவது பார்க்), ஹேண்ட்பிரேக் விடுவிப்பு. ஒரு சக்கரத்தை மெல்லச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். எம்எல்டி இருந்தாலும் இப்படித்தான் சுற்றும். பலர் இங்கேயே "லாக்கர் இல்லை" என்று தவறாக முடித்துவிடுகிறார்கள். இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தொட்டால்தான் லாக் விழும். மற்றது எதிர்த்திசையில் ஓடுவதால் நீங்கள் சுற்றும் சக்கரத்துக்குப் பாதி வேகமே போதும்: நொடிக்கு ஏறக்குறைய ஒரு சுற்று. பலமாக வெடுக்கென்று சுற்றுங்கள். எம்எல்டி என்றால் இரண்டும் சட்டென்று நின்றுவிடும். எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பினால் விடுபடும். லாக்கர் இல்லையென்றால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் மற்றது எதிர்த்திசையிலேயே ஓடும்.

ஃபோர்ஸ் நிறுவனத்தின் கூர்க்கா வண்டியில் இந்தக் குழப்பமில்லை, லாக்கரை ஓட்டுநரே போடுகிறார். லாக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, தூக்கிய சக்கரத்தைச் சுற்றினால் இரண்டும் ஒரே திசையில் சுற்ற வேண்டும்.

ஜாக்கியில் தேறிய வண்டிக்கும் பின் ஆக்சில் ஆயிலை இறக்கிப் பாருங்கள். வடிகால் போல்ட்டில் மாவு போன்ற இரும்புத்தூள் இயல்பு. சில்லுச் சில்லாக உலோகம் வந்தால் டிஃப்ரன்ஷியலை (ஆக்சிலின் நடுவில் இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) திறந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள்.