312,000 கிலோமீட்டர் ஓடிய காரில் பி0171: ஒரு பயன்பாட்டு அனுபவம்

2008-ஆம் ஆண்டில் பதிவான 1.5 லிட்டர் ஜப்பானிய செடான் ஒன்றைப் பதினான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். கெலுகோரிலிருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து பிறையில் உள்ள வேலையிடத்துக்குப் போய்வருவதுதான் அதன் அன்றாடப் பாடு. மீட்டர் 312,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்த நேரத்தில், பாலத்து நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது எஞ்சின் விளக்கு எரிந்தது. இழுவையில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் 650-க்கும் 900-க்கும் இடையே ஏறி இறங்கியது.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் பி0171 என்ற கோட் (பழுதுக் குறியீடு) வந்தது. எரிபொருள் கலவை லீன் ஆகிவிட்டது, அதாவது காற்றுக்குத் தக்க பெட்ரோல் இல்லை என்பது அதன் பொருள். எந்தச் சாமான் கெட்டது என்பதை அந்தக் கோட் சொல்வதில்லை. ஆயினும் புகையில் எஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார்கள். 420 ரிங்கிட் கொடுத்து மாற்றினேன். விளக்கு அணைந்தது, நான்கு நாளில் மறுபடியும் எரிந்தது. அந்தக் குறியீட்டை அழிக்கும்போது, எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியு அதுவரை கற்று வைத்திருந்த திருத்தங்களும் அழிந்துவிடுகின்றன என்பதையும், அது மீண்டும் கற்றுக்கொண்டு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே பழுதைக் கண்ட பிறகே விளக்கை எரியவிடும் என்பதையும் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். அந்த நான்கு நாட்களும் பழுது சரியானதற்கு அடையாளமே அல்ல.

அதன் பிறகுதான் 35 ரிங்கிட்டுக்கு காரின் கணினி காட்டும் அளவுகளைக் கைபேசியில் படிக்க ஒரு புளூடூத் ஓபிடி ரீடர் வாங்கினேன். இந்தக் காருக்காக இதுவரை செலவழித்ததில் மிக உருப்படியான செலவு அதுவே என்று இன்றும் நினைக்கிறேன். அதில் நான் பார்த்தது ஒரே ஓர் அளவைத்தான்: நீண்டகால ஃபியூவல் டிரிம். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தைக் காப்பாற்ற, ஈசியு வழக்கமான அளவைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அது காட்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது, +24 என்றும், 2,500 ஆர்பிஎம்மில் சற்று நேரம் நிறுத்திப் பார்த்தபோது +13 என்றும் காட்டியது.

இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியில்தான் விடை இருந்தது. எங்கோ ஒரு ஓட்டை வழியாக, உள்ளே வரும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரின் கணக்கில் வராத காற்று, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் போகிறது என்றால், ஐடிலில் வேக்குவம் (உறிஞ்சும் இழுப்பு) மிகுதியாகவும் மொத்தக் காற்று சொற்பமாகவும் இருப்பதால் அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏறி மொத்தக் காற்று பெருகும்போது அதே ஓட்டை ஒரு பொருட்டாகத் தெரியாது. பெட்ரோல் பம்போ ஃபில்டரோ தளர்ந்திருந்தால் நேர்மாறாக, லோடு ஏற ஏற எண்ணும் ஏறும்.

இந்த எண்களை எழுதிக்கொண்டு, பட்டர்வொர்த்தில் தனியாகக் கடை வைத்திருக்கும் வயதான போமன் (மெக்கானிக்) ஒருவரிடம் போனேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினுக்குள் தேங்கும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸை இடுக்கியால் அழுத்தினார். ஆர்பிஎம் உடனே சீரானது. “கழட்டி வளைச்சுப் பாருங்க தம்பி” என்று என் கையில் கொடுத்தார். மேலே பார்த்தால் குற்றமே இல்லை. முழங்கைபோல் வளையும் இடத்தின் அடிப்பக்கம் மட்டும் எண்ணெய் ஊறி, நகம் பதியும் அளவுக்குக் கொழகொழத்திருந்தது. வளைத்தபோது விரற்கடை நீளத்துக்கு வாயைத் திறந்தது. புது ஹோஸ் 28 ரிங்கிட். கூலியாக அவர் கேட்டது ஒரு தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) காசுதான் என்று சொன்னால் மிகையாகாது.

அத்துடன் முடிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். இரண்டு வாரம் ஓட்டிய பின் ஐடிலில் +6 ஆக இறங்கியிருந்தாலும், 2,500 ஆர்பிஎம்மில் +8 இருந்தது. பாலேக் பூலாவ் போகும் ஜாலான் துன் சார்டோன் மேட்டில் ஒரே சீராக ஏறும்போது +14 வரை போயிற்று. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து இதைப் பார்க்கக் கூடாது. அப்போது ஈசியு ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடும். பம்ப் மேல் சந்தேகம் வந்து கேஜ் வைத்துப் பார்த்ததில் பிரஷர் 3.1 பார் நின்றது, த்ராட்டிலைத் திறந்தபோதும் விழவில்லை. மீதமிருந்தது எம்ஏஎஃப் சென்சார். சில ஆண்டுகளுக்கு முன் ஆசைப்பட்டு மாட்டிய, எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டரின் பிசுக்கு அதன் மெல்லிய கம்பியில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டிக்கொண்டிருந்தது. அழுக்கு மூடிய கம்பியைக் காற்று சரியாகக் குளிர்விக்காததால், சென்சார் உண்மையில் வந்த காற்றைவிடக் குறைவாகக் கணக்குச் சொல்லியிருக்கிறது. எம்ஏஎஃப்புக்கென்றே விற்கும் ஸ்பிரேயை விரல் படாமல் அடித்து, காயவிட்டு மாட்டினேன். கார்புரேட்டர் கிளீனரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஃபில்டரையும் சாதாரணக் காகித வகைக்கே மாற்றிவிட்டேன்.

ஆக, இரண்டு பழுதுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருந்தன. அழுக்குச் சென்சாரை ஈசியு பல மாதங்கள் சத்தமில்லாமல் சமாளித்து வந்திருக்க வேண்டும். ஹோஸ் கிழிந்தபோதுதான் எல்லை தாண்டியது.

இப்போது பதினோரு மாதங்கள், 17,000 கிலோமீட்டர் ஆகிவிட்டன. விளக்கு எரியவில்லை; டிரிம் ஐடிலிலும் மேட்டிலும் +3-க்கு மேல் போகவில்லை. நூறு கிலோமீட்டருக்கு 7.9 லிட்டர் குடித்த வண்டி இப்போது 7.3-இல் நிற்கிறது. ஐடிலில் ஸ்டியரிங்கில் ஒரு மெல்லிய அதிர்வு மட்டும் போகவில்லை. அது எஞ்சின் மவுண்டிங் என்று போமன் சொல்கிறார், அடுத்த மாதம் மாற்றப் போகிறேன்.